சேகருக்கு, ஸ்பேசர் வாங்கும் முன்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கண் ஆபரேஷன் முடிந்து, டாக்டர் படிக்கலாம் என்று சொன்ன பிறகுதான் நிதானமாக உட்கார்ந்து படித்தேன். பார்வை இப்போது நன்றாக இருக்கிறது, கவலைப்படாதே. ரிட்டயர் ஆன கையோடு ஷெவெல் காரை வெளியே எடுத்துவிட்டாய் என்பதும், கார்த்திகா அதில்தான் ஓட்டப் பழகுகிறாள் என்பதும் எனக்கு அத்தனை சந்தோஷம். 1970-ஆம் ஆண்டு வண்டியை ஆசையாக ஓட்ட வீட்டிலேயே ஒரு பிள்ளை இருப்பது பெரிய கொடுப்பினை.

சரி, ஸ்பேசர் விஷயத்துக்கு வருகிறேன். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்ப்பரேட்டருக்கும், கலவையை சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் வைக்கும் தட்டுதானே அது. சூடாக ஓடிவந்து நிறுத்தினால் கால் மணி நேரம் கழித்து எஞ்சின் எடுக்கமாட்டேன் என்கிறது என்று எழுதியிருக்கிறாய். அதே பக்கத்தில், நடுவில் ஒரே பெரிய துளையுள்ள இரண்டு இஞ்ச் ஓப்பன் ஸ்பேசர் போட்டால் பவர் கூடுமா என்றும் கேட்டிருக்கிறாய். முதல் பிரச்சினையைத் தீர்க்கும் ஸ்பேசர் வேறு, நீ ஆசைப்படும் ஸ்பேசர் வேறு. முதலில் ஸ்டார்ட்டிங்கைப் பார்ப்போம்.

ஒரு சின்ன சோதனை செய். வண்டியை நன்றாக ஓட்டிவிட்டு வந்து நிறுத்து. ஏர் கிளீனரைக் கழற்றி, டார்ச் அடித்து கார்ப்பரேட்டரின் தொண்டைக்குள் பார். பக்கத்தில் நெருப்பு எதுவும் இருக்கக்கூடாது. சில நிமிடத்தில், எஞ்சின் ஓடாமலேயே பெட்ரோல் வெளிவரும் பூஸ்டர் முனையிலிருந்து அது சொட்டு சொட்டாக, காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தட்டின் மேல் விழுந்தால், காரணம் சூடுதான். ஓடும்போது உள்ளே போகும் காற்றும் பெட்ரோலும் கார்ப்பரேட்டரைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். நிறுத்தியதும் அது நின்றுபோகிறது. மேனிஃபோல்டின் சூடு அப்படியே மேலேறி பெட்ரோல் நிற்கும் ஃப்ளோட் சேம்பரைக் கொதிக்க வைக்கிறது. பெட்ரோலின் லேசான பகுதிகள் 40 டிகிரிக்கும் கீழேயே ஆவியாகத் தொடங்கும், இப்போது அதில் கலக்கும் எத்தனாலோ 78 டிகிரியில் கொதிக்கும். நம் எஞ்சின் தண்ணீரே 90 டிகிரியை ஒட்டி நிற்கும்போது என்ன ஆகும்? சொட்டிய பெட்ரோல் மேனிஃபோல்டில் தேங்குகிறது. நீ சாவியைத் திருப்பும்போது எஞ்சின் பெட்ரோல் மிகுந்து ஃப்ளட் ஆகிக் கிடக்கிறது.

அதனால் அலுமினிய ஸ்பேசர் உனக்கு வேண்டாம். பளபளவென்று அழகாகத்தான் இருக்கும், ஆனால் சூட்டை நேராக மேலே கடத்திவிடும். ஃபீனாலிக் வாங்கு, பேக்கலைட் ஜாதி, சூட்டை லேசில் கடத்தாது. மர அடுக்கில் செய்ததும் சூட்டைத் தடுக்கும். மலிவான பிளாஸ்டிக் மட்டும் வேண்டாம், சூட்டில் வளைந்தால் காற்றுக் கசியும்.

அடுத்தது துளை. உன்னுடையது டூயல் பிளேன் மேனிஃபோல்டு. நடுவில் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியும் நான்கு சிலிண்டருக்கு ஊட்டுகிறது. அந்தப் பிரிவால்தான் குறைந்த ஆர்.பி.எம்.மிலும் கார்ப்பரேட்டருக்கு நல்ல இழுப்பு கிடைத்து, கால் வைத்ததும் வண்டி கிளம்புகிறது. ஓப்பன் ஸ்பேசர் போட்டால் சுவருக்கு மேலே இரண்டு பாதியும் கலந்துவிடும். மேலே, உயர்ந்த ஆர்.பி.எம்.மில், கொஞ்சம் பவர் கூடலாம். ஆனால் கீழே இழுப்பு குறையும், கலவையில் பெட்ரோல் குறைந்து (லீன் ஆகி) பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டையும் மாற்ற வேண்டிவரலாம். அது 6,000 ஆர்.பி.எம்.மைத் தொடும், நடுச்சுவர் இல்லாத சிங்கிள் பிளேன் ரேஸ் எஞ்சினுக்கு ஏற்றது. பழகும் பெண்ணுக்கு சிக்னலில் திணறாமல் கிளம்பும் வண்டிதான் வேண்டும். ஃபோர் ஹோல் ஸ்பேசர் நான்கு துளையையும் தனித்தனியாகவே கீழே கொண்டுபோகும், காற்றின் வேகம் குறையாது. மேலே நான்காகத் தொடங்கி கீழே விரியும் காம்பினேஷன் வகையும் உண்டு. உன் உபயோகத்துக்கு அது தேவைப்படாது. கார்ப்பரேட்டரின் நான்கு துளையும் ஒரே அளவா, குவாட்ராஜெட் கார்ப்பரேட்டர் மாதிரி முன்னே சிறிசு பின்னே பெரிசா என்று மட்டும் பார்த்து, அதற்கேற்ற ஸ்பேசரையும், கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டையும் வாங்கு.

உயரம் அரை இஞ்ச் போதும் என்பது என் கருத்து. அதற்கும் பானெட்டில் இடமிருக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்த்துவிடு. ஏர் கிளீனர் மேல் உள்ள நட்டிலும் மூடியின் விளிம்பிலும் களிமண் உருண்டைகளை வைத்து, பானெட்டை மெதுவாக மூடித் திற. நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் உனக்கிருக்கும் இடம். ஸ்பேசரோடு கூடுதல் கேஸ்கெட் ஒன்றும் சேரும். முடுக்கும்போது எஞ்சின் மவுண்டில் கொஞ்சம் அசையும், அதற்கும் இடம் விடு.

மாட்டும்போது நீளமான ஸ்டட் வேண்டும், மேலும் கீழும் புது கேஸ்கெட் வேண்டும். நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. 5 முதல் 7 ஃபுட்-பவுண்டுக்கு மேல் போகாதே. முரட்டுத்தனமாக இறுக்கினால் கார்ப்பரேட்டரின் அடித்தட்டு வளைந்துவிடும்.

கார்ப்பரேட்டர் உயர்ந்ததும் ஆக்சிலரேட்டர் கேபிளின் கோணம் மாறும், கியரைத் தானாக இறக்க உதவும் கிக்டவுன் கேபிளும் அப்படித்தான். எஞ்சினை ஆஃப் செய்துவிட்டு கார்த்திகாவைப் பெடலை அடிவரை மிதிக்கச் சொல், மேலே நின்று நீ பார். த்ராட்டில் முழுதாகத் திறக்க வேண்டும், காலை எடுத்ததும் எங்கும் சிக்காமல் திரும்ப வேண்டும். இதை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் விட்டுவிடாதே. குளிரில் ஸ்டார்ட் செய்ய உதவும் சோக்கின் காயில் மேனிஃபோல்டில் இருந்தால் மேலே வரும் கம்பியையும் சரிசெய்ய வேண்டும். எலெக்ட்ரிக் சோக் என்றால் அந்த வேலை இல்லை.

பெட்ரோல் பைப் மேனிஃபோல்டை உரசிக்கொண்டு போகிறதா என்றும் பார். உரசினால் விலக்கிவிடு, ஸ்பேசருக்கு அது பெரிய துணை. இதெல்லாம் செய்தும் சொட்டினால், இன்டேக் கேஸ்கெட்டில் எக்ஸாஸ்ட் சூடு வரும் வழியை அடைப்பதைப் பற்றி யோசிக்கலாம். குளிர் நாளில் எஞ்சின் சூடேற நேரமாகும் என்பதால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்.

களிமண் எத்தனை தடிமன் வந்தது என்று அளந்து எழுது. இரண்டு இஞ்ச் ஸ்பேசர் ஆசை இன்னும் இருந்தால் அப்புறம் பேசுவோம். கார்த்திகாவுக்கு என் ஆசிகள்.

அன்புடன்,
முரளி