கொதித்தும் சாகாத வித்து

அன்புள்ள மகளுக்கு,

முந்தாநாள் தொலைபேசியில், "கொதிக்கக் கொதிக்க வடித்த சோறுதானேம்மா, அதில் எப்படிக் கிருமி வரும்?" என்று கேட்டாய். இரவெல்லாம் வாந்தியெடுத்துக் களைத்திருந்தவளிடம் பாடம் நடத்த மனம் வரவில்லை, இப்போது எழுதுகிறேன்.

மண்ணில் வாழும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் (ஸ்போர்கள்), நெல்லோடு வந்து அரிசியிலும் ஒட்டியிருக்கும். வித்து என்றதும் நம் கிணற்றுச் சுவர்ப் பெரணியை நினைத்துக்கொள்ளாதே. அதன் இலையடியில் உள்ள பழுப்புப் பொட்டுகளைச் சிறுவயதில் வெள்ளைத்தாளில் தட்டித் தூள் எடுப்பாயே, அதில் ஒவ்வொரு துகளும் குரோமோசோம்களைப் பாதியாக்கும் குன்றல் பகுப்பில் உருவாகி, வித்துப்பையின் வளையச் செல்கள் நீர் வற்றி வளைந்து சட்டென்று மீளும்போது கவண்கல்லாக வீசப்படுவது. ரொட்டியில் படரும் பூஞ்சையும் நுண்ணிய காம்புகளின் உச்சியில் கரிய பைகளைக் கட்டி, வித்துகளைக் காற்றில் விடும். இரண்டுக்கும் வேலை பெருகுவதும் பரவுவதும்தான்.

பாக்டீரியாவின் வழி வேறு. உணவு குறையும்போது அது தன் டிஎன்ஏவைப் படியெடுத்து, நடுவில் அல்லாமல் ஒரு முனையருகே குறுக்குச்சுவர் எழுப்புகிறது. பெரிய பகுதி சிறியதைத் தனக்குள் விழுங்கி, அதன்மேல் உறைமேல் உறையாகப் போர்த்தி, உள்ளிருக்கும் நீரைப் பெரும்பாலும் வெளியேற்றிவிட்டுத் தான் சிதைந்துபோகிறது. சிதையும் அந்தப் பெரிய பகுதிக்குத் தாய்ச்செல் என்று பெயர். அதைத் தியாகம் என்று உருகி எழுதிய மாணவிகளுக்கு நான் மதிப்பெண் குறைத்ததுண்டு. ஒரு செல்லிலிருந்து ஒரே வித்து என்னும்போது, அது பிள்ளைப்பேறு அல்ல, பிழைத்துக் கிடப்பது.

உலர்ந்த புல் ஊறிய நீரைக் கொதிக்கவைத்த பிறகும் பாக்டீரியா தலையெடுப்பதற்கு இவ்வித்துகளே காரணம் என்று 1876-இல் ஜெர்மன் தாவரவியலாளர் பெர்டினாண்ட் கோன் விளக்கினார். ஆய்வகத்தில் இவற்றைக் கொல்ல, அழுத்த நீராவிக் கலனான ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் வைப்போம். உன் சோற்றுப்பானை 100-ஐத் தாண்டாது. அந்தச் சூடு வித்தின் உறக்கத்தைத்தான் கலைக்கும். மூடிவைத்த சோறு மெல்ல ஆறும்போது அது முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கிறது; வாந்தி வரவழைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது.

பாட்டியின் பழைய சோறு மட்டும் எப்படி என்று அடுத்துக் கேட்பாய். நீரூற்றிய சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியா புளிப்பேற்றுவதால், பேசில்லஸ் சீரியஸின் வளர்ச்சி மட்டுப்படுகிறது. நீ செய்தது அதுவன்று. நாள் முழுதும் மூடியே வைத்திருந்தாய். இனி மிஞ்சியதை அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வை. நாளை வரை கஞ்சி போதும்.

அன்புடன்,
அம்மா