புது ஃபர்னஸ் போட முன்னம் டக்டையும் ஒருக்கா அளந்து பாருங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்கட பத்திரிகையில கிழமைக்குக் கிழமை ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கிற மெஷின்), ஹீட் பம்ப் (வெளிக் காத்தில இருந்து சூட்டை எடுத்து உள்ளுக்குத் தாற கரண்ட் மெஷின்), ஏசி விளம்பரம் பக்கம் பக்கமா வருது, அதில பிழை ஒண்டும் இல்லை, எங்கட சனம் இஞ்ச வீடு வாங்கி இருவது இருவத்தஞ்சு வருசமாகுது, பழைய மெஷின் எல்லாம் மாத்துற காலம்தான். ஆனா டக்டைப் பற்றி, அதான் மெஷின்ர காத்தை அறை அறையாக் கொண்டுபோற தகரக் குழாயைப் பற்றி, ஒரு சொல்லு அதுகளில நான் இன்னும் காணேல்ல. அதுக்காகத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாப் போனாலும் வெட்டாமப் போடுங்கோ.

நாங்கள் இருக்கிறது கனடாவில ஸ்கார்பரோவில, எழுபதுகளில கட்டின ரெண்டு மாடி வீடு. போன ஒக்டோபர் பழைய ஃபர்னஸைக் கழட்டிப்போட்டு ஹீட் பம்பும் புது காஸ் ஃபர்னஸும் சேர்த்துப் போட்டனாங்கள். விலை சொல்ல வந்தவர் பேஸ்மென்ட்டில நிண்டது கால் மணித்தியாலம் கூட இருக்காது. பழைய மெஷின்ர ஸ்டிக்கரை ஃபோனில படம் எடுத்தார், இதை விட ஒரு சைஸ் பெரிசாவே போடுவம் எண்டார். டக்ட் ஒண்டும் பாக்கத் தேவையில்லையோ எண்டு நான் கேட்டனான். "அது தகரம்தானே அண்ணை, அது பழுதாகாது" எண்டு சொல்லிப்போட்டுப் பேப்பரை நீட்டினார், நானும் கையெழுத்து வைச்சிட்டன்.

டிசம்பர் கடைசியில குளிர் இறங்கத்தான் தெரிஞ்சுது. அம்மான்ர அறை கராஜுக்கு மேல, அவவுக்கு 78 வயசு. மெஷின் ஓடுது ஓடுது நிக்குதே இல்லை, கீழ ஹோலில 22 டிகிரி, அம்மான்ர அறையில 16. ரெண்டு கம்பளியும் போத்து, காதை மூடித் தொப்பியும் போட்டுக்கொண்டு "தம்பி, ஆரோ ஜன்னலைத் திறந்து விட்ட மாதிரிக் கிடக்கு" எண்டா. அறைக்குள்ள காத்து வாற வென்ட்டில கையை வைச்சா ஒரு பிள்ளை ஊதுற அளவுக்குத்தான் காத்து வருது, கீழ ஃபில்டர் போடுற இடத்தில விசில் சத்தம். போட்ட கம்பனிக்கு அடிச்சா மெஷின் வடிவா வேலை செய்யுது, தேர்மொஸ்டாட்டை ரெண்டு டிகிரி கூட்டி வையுங்கோ எண்டு சொல்லிச்சினம்.

பிறகு தெரிஞ்ச ஆக்கள் மூலமா இன்னொரு டெக்னீஷியன் வந்தவர், நல்ல அனுபவமான மனுசன். மெஷின்ல கையே வைக்கேல்ல. முதல் வீடு முழுக்க நடந்து வென்ட் எத்தினை எண்டு எண்ணினார், ஒவ்வொரு ரிட்டர்ன் கிரில்லிலயும், அதான் அறைக் காத்தை மெஷினுக்குத் திருப்பி இழுக்கிற வாயிலயும், ஒரு டிஷ்யூவைப் பிடிச்சுப் பாத்தார். காத்தை இழுக்கிற ரிட்டர்ன் எண்டா டிஷ்யூ போய் ஒட்டிக்கொண்டு நிக்கும். மேல் மாடிக்கு இருக்கிறதே ஒரு ரிட்டர்ன், அதில டிஷ்யூ அசையவும் இல்லை, அப்பிடியே காப்பெட்டில விழுந்துது.

அதுக்குப் பிறகு ஃபர்னஸுக்குக் காத்து வாற பக்கம் ஒண்டு, போற பக்கம் ஒண்டு எண்டு சின்னதா ரெண்டு ஓட்டை போட்டு, மனோமீட்டர் எண்ட ஒரு கருவியின்ர ரெண்டு ட்யூப்பை விட்டார். எங்களுக்குப் பிரஷர் பாக்கிற மாதிரித்தான் இது. இந்தப் பிரஷரைத் தண்ணி எத்தினை இன்ச் உயருது எண்டு சொல்லுவினம், வீட்டு ஃபர்னஸ் அனேகமா 0.5 இன்ச் பிரஷருக்குச் செய்தது, எங்கடையிலயும் உள்பக்க ஸ்டிக்கர்ல அப்பிடித்தான் போட்டிருக்கு. எங்கட வீட்டில காட்டினது 0.93. ஃபில்டரைக் கழட்டி வைச்சிட்டு அளந்தா 0.71. அதாவது ஒரு இன்ச் தடிப்பான ஃபில்டர் மட்டுமே அவ்வளவு தடுக்குது, மிச்சம் கொயிலும் (கோடையில காத்தைக் குளிராக்கிற குழாய்க்கட்டு) டக்டின்ர நெருக்கமும். காத்துப் போக வழி இல்லாட்டி குளிர் காலத்தில ஃபர்னஸ் உள்ளுக்க சூடேறி அடிக்கடி நிண்டு நிண்டு ஓடும், கன காலம் அப்பிடி ஓடினா உள்ளுக்க நெருப்பின்ர சூட்டைக் காத்துக்குக் குடுக்கிற ஹீட் எக்ஸ்சேஞ்சரில வெடிப்பு விழக்கூடும், கோடையில கொயில் ஐஸ் கட்டும். நாங்கள் மெஷின் பழுது எண்டு சொல்லி மெஷினைத் திருத்திக்கொண்டே இருப்பம்.

ஹீட் பம்புக்கு இது இன்னும் முக்கியம். காஸ் ஃபர்னஸில இருந்து 50 டிகிரிக்குக் கிட்டச் சூடான காத்து வரும், ஹீட் பம்பில வாறது அனேகமா 35, 40 தான், அப்ப அதே சூட்டைத் தாறதுக்குக் கூடின காத்து வேணும், பழைய டக்ட் ஃபர்னஸுக்குக் காணுமா இருந்தாலும் இதுக்குக் காணாது. ஹீட் பம்பின்ர அளவை டன்னில சொல்லுவினம், ஒரு டன்னுக்கு 400 சிஎஃப்எம் (நிமிசத்துக்கு 400 கன அடி) காத்து எண்டு கணக்கு, எங்கட ரெண்டரை டன், அப்ப 1000 வேணும். மேல கிடக்கிற பைப் எல்லாம் 5 இன்ச் உருண்டை பைப், ஒண்டில 50, 60 போனாலே பெரிய விசயம் எண்டார், எங்கட வீட்டில அப்பிடி 11 பைப். பெருக்கிப் பாருங்கோ. இந்தக் கணக்கைக் கையெழுத்து வைக்க முன்னம் ஒருத்தரும் எனக்குப் போட்டுக் காட்டேல்ல.

பேஸ்மென்ட் கதை வேற. பத்து வருசத்துக்கு முன்னம் வாடகைக்கு விடுறதுக்கு பேஸ்மென்ட் செய்யேக்க, செய்த ஆள் மெயின் டக்டில நாலு புது வென்ட் வெட்டி எடுத்திருக்கிறார், பழைய ரிட்டர்ன் ஒண்டை ட்ரைவோல் போட்டு மூடியும் விட்டிருக்கிறார். எங்கட ஆக்களின்ர கன வீட்டில இப்பிடித்தான் கிடக்கும் எண்டு நினைக்கிறன், ஏன் எண்டா பேஸ்மென்ட் செய்யேக்க எல்லாரும் கிச்சினையும் பாத்ரூமையும்தான் பாக்கிறம், மேல ஓடுற தகரத்தை ஆரும் பாக்கிறேல்ல. கீழ நாலு வென்ட் கூட்டினா மேல போற காத்து அந்தளவுக்குக் குறையும்தானே.

கராஜ் சீலிங்கை வெட்டிப் பாத்தா, அம்மான்ர அறைக்குப் போற பைப் மூட்டில கழண்டு ரெண்டு விரல் போற அளவுக்கு விலகிக் கிடக்கு, இன்சுலேஷன் எண்டு ஒண்டும் இல்லை. மூட்டில சுத்தியிருந்த சாம்பல் நிற டக்ட் டேப் காய்ஞ்சு சருகு மாதிரித் தொங்குது. பேரில டக்ட் இருந்தாலும் அந்தத் துணி டேப் டக்டுக்கு உதவாது, கலிஃபோர்னியாவில லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தில 1998லயே சோதிச்சுப் பாத்து, சூடு பட்டா அதுதான் மோசமா விடுது எண்டு கண்டவை. மாஸ்டிக் எண்ட களி மாதிரிப் பசை, இல்லாட்டி டக்டுக்கெண்டே வாற அலுமினிய ஃபொயில் டேப், இது ரெண்டும்தான் சரி. அமெரிக்க அரசாங்கத்தின்ர எனர்ஜி ஸ்டார் எண்ட சக்தி சேமிப்புத் திட்டம் சொல்ற கணக்கில, சாதாரண வீட்டில டக்டில ஓடுற காத்தில 20 முதல் 30 வீதம் ஒழுக்கில போகுது. பேஸ்மென்ட்டில ஒழுகினா வீட்டுக்குள்ளதானே எண்டு சொல்லலாம், ஆனா மேல் அறைக்குப் போய்ச் சேராத சூடு அந்த அறையில இருக்கிறவைக்கு இல்லைத்தானே, கராஜுக்குள்ள ஒழுகினது எங்களுக்கே இல்லை.

ஒழுக்கைப் பாக்கிறதுக்கு அவர் ஒரு வழி சொன்னார், அதை எல்லாரும் செய்யலாம். ஃபேனை ஓட விட்டிட்டு ஊதுபத்தி ஒண்டைக் கொளுத்தி டக்ட் மூட்டுக்குக் கிட்டக் கொண்டுபோங்கோ. நல்ல மூட்டு எண்டா புகை நேரா மேல போகும். அம்மா சாமி அறையில இருந்து எடுத்துத் தந்த பத்தியை நான் பிளெனம் (மெஷினோட பூட்டின பெரிய தகரப் பெட்டி) மூலையில பிடிக்க புகை சீறி அடிச்சுது, ரிட்டர்ன் பக்கத்தில பிடிக்க அப்பிடியே வெடிப்புக்குள்ள இழுபட்டுப் போச்சு. ரிட்டர்ன் இழுக்கிற இடம் காஸ் வோட்டர் ஹீட்டருக்குப் பக்கத்தில எண்டா அது ஆபத்து, புகைபோக்கியால வெளிய போகவேண்டிய காபன் மொனொக்சைட்டை வீட்டுக்குள்ள இழுத்துப்போடும், உடன ஆளைக் கூப்பிடுங்கோ. பழைய வீட்டு டக்ட் மூட்டில வெள்ளைப் பேப்பர் மாதிரி டேப் கிடந்தா மட்டும் சுரண்டாதேங்கோ, அது அஸ்பெஸ்டஸா இருக்கலாம்.

எங்கட வீட்டில மேல ஒரு ரிட்டர்ன் கூட்டி, மூடின ரிட்டர்னைத் திறந்து, நாலு இன்ச் ஃபில்டர் பெட்டி வைச்சு, கழண்ட பைப்பைப் பூட்டி இன்சுலேஷன் சுத்தி, மூட்டெல்லாம் மாஸ்டிக் பூசினது 3,000 டொலருக்குள்ள முடிஞ்சுது. திருப்பி அளக்க 0.56. அம்மான்ர அறை இப்ப 20, 21ல நிக்குது, தொப்பியைக் கழட்டிப்போட்டுப் படுக்கிறா. இதை முதலே செய்திருந்தா ஒரு சைஸ் சின்ன மெஷினே எங்களுக்குக் கண்டிருக்கும்.

ஆகையால் கையெழுத்து வைக்க முன்னம் வாறவரைக் கேளுங்கோ, ஸ்டாட்டிக் பிரஷர் (மனோமீட்டரில பாத்த அந்தப் பிரஷர்) அளந்தனீங்களோ, அளந்த இலக்கத்தை எழுதித் தாங்கோ எண்டு. வீட்டுக்கு எவ்வளவு சூடு வேணும் எண்டு பாக்கக் கனடாவில சிஎஸ்ஏ எஃப்280 எண்டு கணக்கு முறையே இருக்கு, அதைச் செய்யச் சொல்லுங்கோ. ஒன்டாரியோவில காஸ் வேலை செய்யிற கம்பனி டிஎஸ்எஸ்ஏ எண்ட பாதுகாப்பு அமைப்பில பதிஞ்சிருக்கவேணும், அந்த நம்பரையும் கேளுங்கோ. டக்ட் கிளீனிங் எண்டு ஃபோன் பண்றவை தூசியைத்தான் இழுப்பினம், டக்ட் காணுமோ எண்டு அளக்கிறது அவையின்ர வேலை இல்லை. வீட்டுக் கதவைத் தட்டி ஃபர்னஸ், டக்ட் கிளீனிங் விக்கிறது 2018 மார்ச் 1ல இருந்து இஞ்ச சட்டப்படி தடை, வயசுபோன ஆக்கள் தனிய இருக்கிற வீட்டில இதைச் சொல்லி வையுங்கோ.

ஆசிரியர் ஐயா, உங்களிட்ட ஒரு வேண்டுகோள். எங்கட சமூகத்தில நல்ல டெக்னீஷியன்மார் இருக்கினம், ஆரையாவது பிடிச்சு செப்டம்பர் கடைசிக்குள்ள ஒரு பக்கம் இதைப் பற்றி எழுதுவியுங்கோ, சனம் மெஷின் மாத்த ஓடுறது அந்த நேரம்தான். என்னட்ட அந்த மனுசன் ரெண்டு தரமும் அளந்து எழுதித் தந்த தாள் இருக்கு, வேணுமெண்டாப் படம் எடுத்து அனுப்பிவிடுறன்.

இப்படிக்கு,
ஸ்கார்பரோ வாசகர் ஒருவர்