பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சுடோகு கடிதம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். ஐப்பசி மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஆற்றில் தண்ணீர் போகிறது, பயப்படும்படி ஒன்றும் இல்லை.

போன வாரம் போனில் நீ சொன்னது மனசிலேயே நிற்கிறது. கஷ்டமான சுடோகுவில் பாதிக்கு மேல் நகராவிட்டால், ஏதோ ஒரு எண்ணைப் போட்டுப் பார்ப்பேன், தப்பாகிவிட்டால் திரும்பி வருவேன் என்றாய். அது வேண்டாம், எய்யா. போனில் சொல்லிப் புரிய வைக்கிற விஷயம் இல்லை என்பதால் பட்டாசலில் உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன். பக்கத்தில் தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு படி. விதி உனக்குத் தெரிந்ததுதான்: ஒன்பதுக்கு ஒன்பது கட்டத்தில், குறுக்கே போகிற ஒவ்வொரு வரிசையிலும், மேலிருந்து கீழே போகிற ஒவ்வொரு நெடுக்கிலும், மூன்றுக்கு மூன்றான ஒவ்வொரு பெட்டியிலும் 1 முதல் 9 வரை ஒவ்வொரு எண்ணும் ஒரே ஒரு தடவை வர வேண்டும்.

கொடுத்திருக்கிற எண்கள் குறைய குறையக் கட்டம் கஷ்டமாகும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படிக் கிடையாது. ஒரே ஒரு விடை வர வேண்டுமானால் குறைந்தது 17 எண்களாவது கொடுத்திருக்க வேண்டும். 16 எண்களில் முடியாது என்று 2012-ல் டப்ளினில் கேரி மக்வைர் என்ற கணிதப் பேராசிரியரின் குழு கம்ப்யூட்டரை வைத்துத் தேடிக் காட்டிவிட்டது. ஆனால் அந்த 17 எண் கட்டங்களிலேயே பல, சாதாரண வழியில் முடிந்துவிடும். 25 எண்கள் கொடுத்த கட்டம் சிலசமயம் மத்தியானம் முழுக்க உட்கார வைக்கும். அடுத்த எண்ணைப் போட எத்தனை காரணங்களைக் கோக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் கணக்கு.

பென்சில் குறிப்பை, அதாவது ஒரு சின்னக் கட்டத்தில் வரக்கூடிய எண்களை, எடுத்த எடுப்பிலேயே எல்லாச் சின்னக் கட்டத்திலும் எழுதி நிரப்பாதே, கண் குழம்பிவிடும். உலக சாம்பியன் பட்டத்தை மூன்று முறை வென்ற தாமஸ் ஸ்னைடர் பெயரில் ஒரு முறை இருக்கிறது. ஒரு பெட்டிக்குள் ஒரு எண்ணுக்கு இரண்டே இடம்தான் இருக்கிறது என்றால் மட்டும் அந்த இரண்டு இடத்திலும் சின்னதாக எழுது. அதோடு நிறுத்து. பாதிக் கட்டம் இதிலேயே ஓடிவிடும். அதற்கு மேல் நகரவில்லை என்றால்தான் மிச்சக் கட்டங்களுக்கு முழுக் குறிப்பு. ஒரே வரிசையில் இரண்டு கட்டங்களில் 3, 6 மட்டுமே இருந்தால், அந்த வரிசையில் வேறெங்கும் 3-ம் 6-ம் வராது என்பதெல்லாம் உனக்கே தெரியும்.

நீ நின்றுபோகிற இடம் அதற்கு அடுத்தது. அங்கே எக்ஸ்-விங் என்கிற அமைப்பைத் தேடு. இரண்டாம் வரிசையில் 7 வரக்கூடிய இடம் இரண்டே இரண்டு, மூன்றாம் நெடுக்கிலும் ஏழாம் நெடுக்கிலும் என்று வைத்துக்கொள். எட்டாம் வரிசையிலும் 7-க்கு அதே இரண்டு நெடுக்குகள்தான். அப்படியானால் மேலே இடது பக்கம் 7 வந்தால் கீழே வலது பக்கம் வரும். மேலே வலது என்றால் கீழே இடது. எப்படி வந்தாலும் அந்த இரண்டு நெடுக்குகளுக்கும் உரிய 7 இந்த நாலு கட்டத்துக்குள்ளேயே முடிந்துபோயிற்று. ஆகவே மூன்றாம் நெடுக்கிலும் ஏழாம் நெடுக்கிலும் மற்ற இடங்களில் இருக்கிற 7-களைத் தைரியமாக அழித்துவிடு. 7 எங்கே இருக்கிறது என்று இன்னும் தெரியாது. தெரியாமலேயே ஐந்தாறு இடங்களில் அது இல்லை என்று சொல்ல முடிகிறது பார், எனக்கு சுடோகுவில் இதைவிடப் பிடித்தது வேறில்லை. இதையே மூன்று வரிசை, மூன்று நெடுக்கு என்று விரித்தால் சுவார்ட்ஃபிஷ். கண்ணுக்குப் பிடிபட நாளாகும், ஆனால் நியாயம் அதேதான்.

அடுத்தது எக்ஸ்ஒய்-விங். இதை மெதுவாகப் படி. இரண்டாம் வரிசை, இரண்டாம் நெடுக்கில் ஒரு கட்டம், அதில் 2 அல்லது 5. அதே வரிசையில் எட்டாம் நெடுக்கில் ஒரு கட்டம், அதில் 2 அல்லது 8. முதல் கட்டத்துக்கு நேர் கீழே, ஏழாம் வரிசையில் இன்னொன்று, அதில் 5 அல்லது 8. முதல் கட்டம் 2 என்றால் வலது பக்கம் இருப்பது 8 ஆகிவிடும். முதல் கட்டம் 5 என்றால் கீழே இருப்பது 8 ஆகிவிடும். இரண்டில் ஒன்று கட்டாயம் 8. அப்படியானால் ஒன்றோடு நெடுக்கிலும் மற்றதோடு வரிசையிலும் சேர்ந்து அந்த இரண்டையும் பார்க்கிற கட்டம், அதாவது ஏழாம் வரிசை, எட்டாம் நெடுக்கில் இருப்பது, 8 ஆக முடியவே முடியாது.

இங்கேதான் நீ கேட்பாய், "இதுவும் ஊகம்தானே அம்மா, 2 என்றால், 5 என்றால் என்று சொல்லித்தானே போகிறோம்" என்று. உன் அப்பாவும் இதையே கேட்டார். நம் வீட்டிலிருந்து டவுனுக்கு வண்ணாரப்பேட்டை வழியாகப் போனாலும் சரி, மேலப்பாளையம் சுற்றிப் போனாலும் சரி, தாமிரபரணியைக் கடந்துதான் ஆகணும். எந்த வழியில் போனாய் என்று தெரியாமலே, டவுனுக்குப் போனவன் ஆற்றைக் கடந்தான் என்று அடித்துச் சொல்லலாம். எக்ஸ்ஒய்-விங் அந்த மாதிரி. இரண்டு வழியையும் நடந்து பார்த்து, இரண்டிலும் பொதுவாக வந்ததை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். நீ செய்வது, ஒரு வழியை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசி வரை ஓடுவது. முரண்பாடு வந்து அந்த எண் தப்பு என்று தெரிந்தால் கணக்குப்படி அதுவும் நிரூபணம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இருபது கட்டம் தாண்டி முட்டி நிற்கும்போது எதனால் முட்டியது என்று உனக்கே தெரியாது. முட்டாமல் முடிந்துவிட்டாலோ, விடை கிடைக்கும், அந்தக் கட்டம் உன்னைத் தேடச் சொன்ன இடத்தைப் பார்க்காமலே போய்விடுவாய். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

இன்னொரு முறை இருக்கிறது, யுனீக் ரெக்டாங்கிள். இரண்டு வரிசை, இரண்டு நெடுக்கு, இரண்டு பெட்டிக்குள் அடங்குகிற நாலு கட்டங்கள். மூன்றில் 3, 6 மட்டும். நாலாவதில் 3, 6, 9. அங்கே 9 தான் வர வேண்டும். வராவிட்டால் 3-ம் 6-ம் இடம் மாறி உட்கார்ந்து இரண்டு விடை வந்துவிடும். இது சரியான முறைதான், வேகமாக முடிக்கிறவர்கள் எல்லாரும் பயன்படுத்துகிறார்கள். நான் முடிந்தவரை தொடுவதில்லை. விடை ஒன்றுதான் என்று கட்டம் போட்டவர் கொடுத்த வாக்கை நம்பி அது நிற்கிறது. அந்த வாக்கைக் கட்டத்துக்குள்ளேயே நான் நிரூபித்துப் பார்க்க ஆசைப்படுகிறேன். நீ உன் விருப்பப்படி செய்.

நீ இப்போது இருக்கிற அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துக்காரர்தான் சுடோகுவை முதலில் போட்டவர் என்று சொல்கிறார்கள், உனக்குத் தெரியுமா? ஹோவர்ட் கார்ன்ஸ் என்று பெயர், கட்டடக் கலைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். 1979-ல் டெல் என்ற அமெரிக்கப் புதிர்ப் பத்திரிகையில் 'நம்பர் பிளேஸ்' என்று வந்தது, கட்டத்தின் மேல் அவர் பெயர் போடாமலே. 1984-ல் ஜப்பானில் நிக்கோலி பத்திரிகைக்காரர்கள் எடுத்து வளர்த்தார்கள், சுடோகு என்ற பெயர் நிக்கோலியை நடத்திய மாக்கி காஜி வைத்தது. 2004 நவம்பரில் லண்டன் டைம்ஸில் வந்த பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. கார்ன்ஸ் 1989-லேயே இறந்துவிட்டார். எத்தனை வீட்டில் எத்தனை பேர் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்காரப் போகிறார்கள் என்று அவருக்குத் தெரியாமலே போய்விட்டது, அதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நிக்கோலிக்காரர்கள் கட்டத்தைக் கையால் போடுகிறார்கள். அப்படிப் போட்ட கட்டத்தில் முதலில் இங்கே பார், அப்புறம் அங்கே பார் என்று ஒருவர் கூடவே வருவது தெரியும். கிடைத்தால் வாங்கிப் போட்டுப் பார்.

இதோடு ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். முழுக் குறிப்பும் எழுதி, நகராமல் நிற்கிற இடம் வரை கொண்டுவந்திருக்கிறேன். 4-ஐ வைத்து ஒரு எக்ஸ்-விங் இருக்கிறது. வரிசையில் தேடினால் அகப்படாது, நெடுக்கில் தேடு. அதில் அழிய வேண்டியதை அழித்தால் ஒரு எக்ஸ்ஒய்-விங் தானாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது எந்தெந்தக் கட்டங்கள் என்று சொல்லு, நானும் தாளை எடுத்து வைத்திருப்பேன். உங்கள் ஊரில் குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. அப்பா கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா