நெட்டை விஷயம்

டேய் வாத்தி,

இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டுவாய், திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். இப்போது எழுதுவது நெட்டை விஷயமாக. உன்னிடம் சொல்லலாம் என்று அவனே சொன்னதால்தான் எழுதுகிறேன்: அவன் தன்பாலீர்ப்பாளன். இத்தனை வருடமும் 'அவங்க, அவங்க' என்று அத்தனை மரியாதையாக யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான் என்று இப்போது விளங்குகிறதா? நாம்தான் பெரிய புத்திசாலிகள் மாதிரி கல்யாணச் சாப்பாடு எப்போது என்று ஓட்டிக்கொண்டே இருந்தோம்.

அழவெல்லாம் இல்லை, அலுத்துப்போன குரலில் சொன்னான். யாராவது தன்பாலீர்ப்பாளர்களைக் கிண்டல் செய்து ஜோக் அடித்தால் எல்லோருக்கும் முன்னால் இவன்தான் சிரிப்பானாம், தாமதித்தால் சந்தேகம் வந்துவிடுமே என்று. போனைக் கவிழ்த்தே வைப்பது, விடுமுறையில் என்ன செய்தாய் என்று கேட்டால் சொல்ல ஒரு கதையைத் தயாராக வைத்திருப்பது, இப்படியே ஓடியிருக்கிறது. அவனை நேராக யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் தூக்கம் போய்விட்டது. இலான் மேயர் என்ற ஆய்வாளர் 2003-ல் எழுதியதைப் படித்தபோது நெட்டையையே பார்த்து எழுதியது போல இருந்தது. ஒதுக்கப்படுவது மட்டுமல்ல, எப்போது ஒதுக்குவார்களோ என்று காத்திருப்பது, மறைப்பது, ஊரின் வெறுப்பைத் தன் மேலேயே திருப்பிக்கொள்வது எல்லாம் சேர்ந்துதான் மனச்சோர்வில் கொண்டு விடுகிறதாம்.

சரி, என் கவலை இதுவல்ல. அவன் அண்ணன் யாரோ ஒருவரைப் பிடித்து, சிகிச்சை கொடுத்து 'மாற்றிவிடலாம்' என்கிறார். இவனும் போய்த்தான் பார்ப்போமே என்கிறான்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நோய்ப் பட்டியலிலிருந்து அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை 1973-லேயே நீக்கிவிட்டது, உலக சுகாதார நிறுவனம் 1990-ல். 1973 முடிவுக்கு முன்னின்று உழைத்த ராபர்ட் ஸ்பிட்சரே பிற்பாடு, 'மாறிவிட்டோம்' என்று சிலர் போனில் சொன்னதை நம்பி, மாற்ற முடியும் என்று 2003-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். 2012-ல் அது தவறு என்று மன்னிப்பும் கேட்டுவிட்டார். அவர் கைவிட்டதை இன்னும் காசு வாங்கிக்கொண்டு விற்கிறார்கள். போனவர்களுக்கு ஈர்ப்பு மாறுவதில்லை, தற்கொலை எண்ணம்தான் கூடுகிறது.

நான் பேசினால் சண்டையில்தான் முடியும், உனக்குத் தெரியும். அண்ணனுக்கு உன் மேல்தான் மதிப்பு, அதனால் நீ பேசு. அப்புறம் நெட்டையைத் தனியாகக் கூப்பிடு, அறிவுரை மட்டும் வேண்டாம், வழக்கம்போல அவன் உயரத்தைக் கிண்டல் பண்ணு. 'அவங்க' எப்படி இருக்காங்க என்றும் கேள்.

உன்,
மொட்டை