கூலியைக் குடோனிலேயே கொடுக்கச் சொல்லுங்கள்

சேலம் மாவட்டத் தொழிலாளர் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் மூட்டை இறக்கும் லோடுமேன்கள் சார்பில் எழுதுகிறேன். விஷயம் உங்களுக்குப் புதிதல்ல, மனு உங்கள் மேசையில்தான் கிடக்கிறது. போன சனிக்கிழமையும் எங்களுக்குக் கூலி பட்டுவாடா ஆனது மதுக்கடை பாரில்தான்.

மேஸ்திரி பெஞ்சில் உட்கார்ந்து சிட்டை நோட்டைப் புரட்டுவார். கடைசியில் "சில்லறை இல்லப்பா" என்று இரண்டு பேருக்குச் சேர்த்து ஒரே 500 ரூபாய்த் தாளை நீட்டுவார். மாற்ற வேண்டுமென்றால் பார்க்காரரிடம்தான் போக வேண்டும். அவர் சும்மா மாற்றித் தருவாரா? குடிக்காதவன்கூட ஒரு தட்டு சுண்டலாவது வாங்கினால்தான் மீதி கைக்கு வரும். குடிக்கிறவன் நிலைமையை அவன் வீட்டில் போய்க் கேளுங்கள். பாருக்கே வர மாட்டேன் என்றவனுக்கு மறுநாள் லோடு கிடையாது.

லண்டனில் தேம்ஸ் நதியில் கப்பல் நிலக்கரி இறக்கியவர்கள் பட்டதும் இதே பாடுதான். மதுக்கடைக்காரர் கை காட்டினால்தான் வேலை, குடித்த கணக்கு போகத்தான் கூலி. 1843-ல் நாடாளுமன்றமே சட்டம் போட்டு, ஆள் எடுக்கத் தனி அலுவலகம் திறந்தது. 1889-ல் அந்த ஊர்த் துறைமுகக் கூலிகள் மணிக்கு 6 பென்ஸ் கேட்டு வேலைநிறுத்தம் செய்து ஜெயித்தார்கள், சங்கமும் வேர்விட்டது. சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னதும் ஒருவர் கேட்டார்: "நம்ம மேஸ்திரியோட பாட்டன் லண்டன்லயா இருந்தாரு?"

இங்கே மட்டும் சட்டத்துக்கா பஞ்சம்? கூலி கொடுக்கும்போது, வேலையை ஒப்பந்தத்துக்கு விடும் முதன்மை முதலாளியின் ஆள் கூடவே இருக்க வேண்டும் என்று 1970-லேயே ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் எழுதினார்கள். 1982-ல் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்றே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. நலவாரிய அட்டையும் உண்டு. புதுப்பிக்கப் போனால் சர்வர் தூங்குகிறது. எங்கள் புகாருக்கோ, "உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. அந்த நடவடிக்கையும் பாரில்தான் நடந்ததோ என்னவோ! கோபத்தில் வந்த பேச்சு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கூலி உயர்வு கேட்கவில்லை. கூலியைக் குடோனிலேயே, அவரவர் கையில், சில்லறையோடு கொடுக்கச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கில் போட்டாலும் சரி. வரும் சனிக்கிழமை மாலை உங்கள் ஆய்வாளர் ஒருவரை அனுப்பிவைக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். வருவதை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அன்றைக்கு ஒருநாள் பட்டுவாடா குடோனில் நடந்துவிடும்.

இப்படிக்கு,
லோடுமேன் ஒருவன்