வயர்களைக் குறைத்துத் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

கல்லடியில் எங்கள் முற்றத்தில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்த வெள்ளைக் கொரோலா, எஞ்சின் மாற்றியபின் இப்போது ஓடுகிறது. செங்கலடி வழியாக மஹா ஓயா வரை போய்த் திரும்பினோம்; வழியில் ஒருமுறைகூடப் பொனட்டைத் திறக்கவில்லை. கூலி வாங்க மறுத்தவர்களுக்கும், வாங்கிய கூலிக்கு மேலாக உழைத்தவர்களுக்கும் இந்த மடல்.

வண்டி ஈ.ஈ.90 என்ற மாதிரி. அதிலிருந்த 2ஈ எஞ்சின் 1295 சி.சி., கார்ப்யுரேட்டர் வகை. எண்ணெய் குடித்துப் புகை கக்கியதால் புகைப் பரிசோதனையில் தேறாது என்று தெரிந்துவிட்டது. 2020 மார்ச்சில் இலங்கையில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. திறந்த பிறகும் விலை எங்களைப் போன்றவர்கள் அண்ணாந்து பார்க்கிற உயரத்தில்தான் நிற்கிறது. எனவே கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒரு 5ஏ-எஃப்.ஈ. எஞ்சின் எடுத்தோம். 1498 சி.சி., பதினாறு வால்வு, எரிபொருளை ஈ.சி.யு. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) கணக்கிட்டுப் பீச்சும் வகை. ஜப்பானில் இதே உடலுள்ள கொரோலாவிலேயே பூட்டி விற்ற எஞ்சின் என்பதால் இரும்பு வேலை பெரிதாக இருக்கவில்லை. வயிற்றைக் கலக்கியது அதோடு வந்த வயர்க் கட்டுத்தான்.

முதலில் காட்டிய ஒரு வேலைத்தளத்தில், வண்டியின் வயரிங் முழுவதையும் உரித்து, இரண்டையும் வெட்டி முறுக்கி ஒன்றாக்க வேண்டும் என்றார்கள். கேட்ட தொகையை எழுத மனம் வரவில்லை.

காத்தான்குடிக் காக்கா, முதல் நன்றி உங்களுக்கு. வயர்க் கட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு நீங்கள் சொன்னது இது: “தம்பி, இரண்டையும் கலக்க வேண்டாம். வண்டியின் வயரிங் வண்டிக்கே இருக்கட்டும். எஞ்சினுடையது எஞ்சினோடு இருக்கட்டும். நடுவில் எது போக வேண்டுமோ அதை மட்டும் கட்டுவோம்.” அந்த நிமிடமே வேலை பாதியாகிவிட்டது. நடுவில் போக வேண்டியவை எவை என்று சிகரெட் பெட்டியின் பின்புறம் எழுதிக் கொடுத்தீர்கள். எப்போதும் மின் இருக்கும் பற்றரி வயர் ஒன்று. இக்னிஷன் வயர் ஒன்று; அதை ரேடியோவுக்குப் போகும் முனையிலிருந்து எடுத்தால், திறப்பைத் திருப்பி ஸ்டார்ட் செய்யும் கணத்தில் ஈ.சி.யு. அணைந்துபோகும் என்பதால், ஸ்டார்ட் நிலையிலும் மின் தரும் முனையிலிருந்து. பிறகு ஸ்டார்ட்டர் சமிக்ஞை, பெற்றோல் பம்ப், எஞ்சின் எச்சரிக்கை விளக்கு, எர்த். டாஷ்போர்ட் பக்கத்தில் வெப்பமானி, ஒயில் விளக்கு, சார்ஜ் விளக்கு, வேகச் சமிக்ஞை. எல்லாம் சேர்ந்தும் ஒரு டசினைச் சுற்றித்தான். பயந்ததற்கு எனக்கே வெட்கமாக இருந்தது.

மீதியைக் களைவதுதான் நீண்ட வேலை. எஞ்சின் ஓட்டோ கியர் வண்டியிலிருந்து வந்தது. எங்களுடையது கைக் கியர். அந்தக் கியர் பெட்டிக்கான வயர்களும், எங்கள் வண்டியில் இல்லாத பொருட்களுக்கான வயர்களும் கட்டுக்குள் பின்னிக் கிடந்தன. இங்கேதான் பக்கத்து வீட்டு மாமா வருகிறார். வாவியில் வலை போடுகிறவர். கார் ஓட்டத் தெரியாது. பிளைவூட் பலகை ஒன்றில் வயர்க் கட்டைக் கிடத்தி, கிளை பிரியும் இடமெல்லாம் ஆணி அறைந்து, எஞ்சினில் கிடந்த வடிவம் கலையாமல் பழைய டேப்பை உரித்தார். எந்த வயரையும் வெட்ட விடவில்லை. மெல்லிய ஊசியால் கனெக்டரின் நாக்கை அமுக்கி உலோகப் பின்னோடு கழற்றி, மாஸ்கிங் டேப்பில் பெயர் எழுதி ஒட்டிய பிறகே உருவவிட்டார். கடைசியில் பிளாஸ்டிக் பட்டிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, வலை நூலால் முடிச்சு முடிச்சாகக் கட்டிக் கொடுத்தார். மாமா, நம் வெயிலில் சாதாரணக் கறுப்பு டேப் உருகிப் பிசுபிசுத்துவிடும். உங்கள் முடிச்சு இன்னும் அசையவில்லை. கராஜுக்கு வருகிறவர்கள் எஞ்சினைப் பார்க்க முன்னர் அதைத்தான் பார்க்கிறார்கள்.

தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும் தங்கச்சிக்கு: நீங்கள் மல்டிமீட்டரோடு குந்தியிருந்து, ஈ.சி.யு.வின் ஒவ்வொரு முனையிலிருந்தும் மறுமுனை வரை தொடர்ச்சி பார்த்து வரைந்த படம் இல்லாவிட்டால் நாங்கள் ஊகத்தில்தான் கட்டியிருப்போம். சென்சார்களின் எர்த் வயரை உடலில் திருகக் கூடாது, அது ஈ.சி.யு.வுக்கே திரும்பிப் போக வேண்டும் என்று பெரியவர்களோடு வாதாடி வென்றீர்கள். ஓட்டோ கியரின் நியூட்ரல் சுவிட்சுக்கு வந்த இரண்டு வயர்களையும் இணைக்காவிட்டால் ஸ்டார்ட்டர் சுழலாது என்று கண்டுபிடித்ததும் நீங்கள்தான். எஞ்சின் முதன்முறை பிடித்தபோது எச்சரிக்கை விளக்கு அணையவில்லை. சோதனைக் கனெக்டரின் இரண்டு முனைகளை ஒரு கம்பியால் இணைத்து, விளக்கு இரண்டு தடவை மின்னி, நின்று, மறுபடியும் இரண்டு தடவை மின்னுவதைப் பார்த்து “22, தண்ணீர் வெப்பச் சென்சார்” என்றீர்கள். திறந்தால், கனெக்டருக்குள் பச்சைக் களிம்பு. கடற்கரையில் வாழ்கிறோம், வேறென்ன. துடைத்துக் கிறீஸ் வைத்ததும் விளக்கு அடங்கியது.

அம்பாறையிலிருந்து வந்த வயரிங் பாஸுக்குத் தனியாக ஒரு நன்றி. பழைய எஞ்சினின் பெற்றோல் பம்ப் எஞ்சினிலேயே பூட்டிய இயந்திரப் பம்ப். புதியதற்குச் சதுர அங்குலத்துக்கு 40 இறாத்தல் அளவில் அழுத்தம் தரும் மின் பம்பும், மிஞ்சும் பெற்றோல் தாங்கிக்குத் திரும்பக் குழாயும் வேண்டும். அந்தப் பம்பை நேரே இக்னிஷனில் கட்டிவிட்டால் ஒரு ரிலே (மின்னால் இயங்கும் சுவிட்ச்) மிச்சம் என்று பலர் ஆலோசனை சொன்னார்கள். பாஸ் கேட்கவே இல்லை. எஞ்சின் சுழலும் சமிக்ஞை வந்தால் மட்டுமே ஈ.சி.யு. அந்த ரிலேயைப் பிடித்து வைக்கும். விபத்தில் எஞ்சின் நின்று குழாயும் உடைந்தால் பம்ப் பெற்றோலை ஊற்றிக்கொண்டே இருக்கக் கூடாதல்லவா? குறைக்கக் கூடியதைக் குறைத்தோம், இதைத் தொடவில்லை. வயரிங்கைச் சுருக்கித் தருகிறோம் என்று சொல்லி முதலில் ரிலேயையும் பியூஸையும் தூக்கி எறிபவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள் என்பது என் தாழ்மையான கருத்து; அவ்வளவு தாழ்மையும் இல்லை.

எஞ்சின் இலக்க மாற்றத்துக்கான படிவங்களை நிரப்பித் தந்த கொமியுனிகேஷன் கடைத் தம்பிக்கும், கொழும்பு இரவு பஸ்ஸில் கனெக்டர் பொதியை மடியில் வைத்துக் கொண்டுவந்த மச்சானுக்கும், வேலை முடியும்வரை கராஜுக்குச் சோறு அனுப்பிய அக்காவுக்கும் நன்றி.

கழற்றிய வயர்களும் பின்களும் பெயர் ஒட்டியபடியே ஒரு பையில் இருக்கின்றன. ஈ.ஈ.90 வைத்திருப்பவர்கள் வந்து எடுத்துச் செல்லலாம். தங்கச்சியின் படத்துக்குப் பிரதி வேண்டுமென்றால் போட்டோகொப்பிக் காசு மட்டும். ஏ.சி. இன்னும் பூட்டவில்லை, அதற்கான வயர்களைத் தனியாக முடிந்து வைத்திருக்கிறோம். ஆகவே மாமா, அந்தப் பலகையின் ஆணிகளை இப்போதைக்குப் பிடுங்க வேண்டாம்.

நன்றியுடன்,
வெள்ளைக் கொரோலாக்காரன்
கல்லடி, மட்டக்களப்பு