சேகருக்கு, மொரிஷியஸிலிருந்து

அன்புள்ள சேகர்,

பதில் போட நாலு நாள் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. மாதக் கடைசியில் ஷிப்மெண்ட் இருந்தால் எனக்குத் தூக்கமே ஃபேக்டரியில்தான். உன் மகளுக்கு இங்கேயே வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். "அது எப்படிப்பட்ட ஊர்டா, வரைபடத்தில் புள்ளி மாதிரி இருக்கு" என்று கேட்டிருந்தாய்.

புள்ளிதான். மொத்தமே ஏறக்குறைய 2,040 சதுர கிலோமீட்டர், 12 லட்சத்துக்குச் சற்று மேல் ஜனங்கள். மடகாஸ்கருக்குக் கிழக்கே 800 கிலோமீட்டருக்கும் அப்பால் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான தீவு. வந்த புதிதில் கரும்புக் காட்டுக்கு நடுவே ஆளுயரத்துக்கு மேல் கருங்கல் குவியல்களைப் பார்த்துவிட்டு, ஏதோ இடிந்த கோவில் என்றே நினைத்தேன். கோவிலும் இல்லை ஒன்றும் இல்லை, உழுவதற்காகக் கூலிக்காரர்கள் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்ட கல். இந்த நாட்டின் கதை பாதி அந்தக் குவியலில் இருக்கிறது.

பூர்வகுடி என்று இங்கே யாரும் கிடையாது. 1598-இல் டச்சுக்காரர்கள் வந்து தங்கள் இளவரசர் மொரிஸின் பெயரை வைத்தார்கள், கரும்பைக் கொண்டுவந்தார்கள், டோடோ பறவையும் அவர்கள் காலத்தோடு போயிற்று, 1710-இல் அவர்களும் போய்விட்டார்கள். அப்புறம் பிரெஞ்சுக்காரர்கள். 1735-இல் கவர்னராக வந்த லா பூர்தொனே இன்றைய தலைநகரான போர்ட் லூயியின் துறைமுகத்தைக் கட்ட நம் புதுச்சேரியிலிருந்தும் கைவினைஞர்களை வரவழைத்தார், அதாவது கூலிக் கப்பல்களுக்கு நூறு வருஷம் முன்பே நம் ஆட்கள் இங்கே உண்டு. 1810-இல் பிரிட்டிஷார் பிடித்தாலும் பிரெஞ்சு மொழியையும் எஸ்டேட்காரர்களையும் அப்படியே விட்டுவிட்டார்கள். அதனால்தான் இன்றைக்கும் அரசாங்கக் காகிதம் ஆங்கிலத்தில், பத்திரிகை பிரெஞ்சில், தெருவில் பிரெஞ்சிலிருந்து பிறந்த க்ரியோல் பேச்சு.

1835-இல் அடிமை முறை ஒழிந்தது, கரும்பு வெட்ட ஆள் வேண்டும். அதையொட்டி இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் சுமார் 4.5 லட்சம் பேர். அவர்கள் இறங்கி ஏறிய பதினாறு கல்படிகள் போர்ட் லூயியில் 'ஆப்ரவாசி காட்' (குடியேறிகளின் படித்துறை) என்ற இடத்தில் இன்னமும் இருக்கின்றன. உன் மகளை அங்கே நானே கூட்டிப் போகிறேன்.

இந்த நாடு தேறாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1961-இல் ஜேம்ஸ் மீட் என்ற பொருளாதார அறிஞர் (பின்னால் நோபல் வாங்கியவர்) கிட்டத்தட்ட கைவிரித்தே எழுதினார். ஏற்றுமதி என்றால் சர்க்கரை மட்டும்தான், ஜனத்தொகையோ பெருகுகிறது. 1968-இல் சுதந்திரம், 1970-இல் ஏற்றுமதிக்காகவே நடக்கும் ஃபேக்டரிகளுக்குச் சலுகை தரும் ஏற்றுமதி மண்டலச் சட்டம். ஐரோப்பா சர்க்கரைக்கு உலகச் சந்தையைவிட நல்ல விலை கொடுத்தது. அந்தக் காசைத் தின்று தீர்க்காமல் தையல் ஃபேக்டரிகளில் போட்டார்கள். இதை அதிசயம் என்கிறார்கள், எனக்கென்னவோ அதிர்ஷ்டமும் கைப்பிடிப்பும் சேர்ந்த கணக்காகத்தான் தெரிகிறது. 2006-க்குப் பிறகு ஐரோப்பா அந்த விலையை 36 சதவீதம் வெட்டியபோது சுற்றுலாவும் வங்கித் தொழிலும் ஏற்கெனவே கைகொடுக்கத் தயாராக இருந்தன. இப்போது உள்ளூர்ப் பிள்ளைகள் தையல் மெஷினில் உட்கார விரும்புவதில்லை, என் லைனில் பாதிப் பேர் வங்கதேசத்துக்காரர்கள்.

சரி, நம்ம சமாச்சாரம். ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு. 1998-இல் வந்த புது நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளியதற்குப் பெரிய ரகளையாகி நோட்டையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள்! ஆனால் அந்தத் தமிழை வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. தைப்பூசத்துக்கு நாடு முழுக்க விடுமுறை, காவடி எடுக்கிறவர் வாயைத் திறந்தால் க்ரியோல். இருந்தும் முருங்கைக்கீரைக்கு இங்கே 'ப்ரேத் மூரும்' என்றுதான் பெயர் ('ப்ரேத்' என்றால் கீரை, 'மூரும்' நம் முருங்கை). சீனக் கிழவி ஒருத்தி சந்தையில் "மூரும், மூரும்" என்று கூவியதை முதன்முதலாகக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் புயல் அதிகம், முடிந்தால் அதற்கு முன்னால் அவளை அனுப்பு. ஏர்போர்ட் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது, தேதியைச் சொல், காரோடு நிற்கிறேன். உன் வீட்டு எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில் கொடுத்துவிடு.

உன்,
ரவி